நவீன ஸ்போர்ட்ஸ் கார்டில் பணம் போடுவது எப்படி: பெங்களூரில் இருந்து செய்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கூடைப்பந்து, கால்பந்து, ஃபார்முலா ஒன் வீரர்களின் படம் அச்சிட்ட கார்டுகளை வாங்கி, விலை ஏறியதும் விற்கலாம் என்று நினைப்பவர்களுக்காக எழுதியது இது. ஆசைக்குச் சேர்ப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கார்டுகள் அடைத்து விற்கும் பெட்டியை வாங்கி உடைப்பதில் தொடங்குகிறார்கள். அடுத்து கிரேடிங், அதாவது கார்டின் நிலைக்கு ஒரு நிறுவனத்திடம் மதிப்பெண் வாங்குவது, அதற்கும் அடுத்துதான் யாரிடம் விற்பது என்ற யோசனை. அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால் நஷ்டத்தில் பெரும்பகுதி குறையும். கீழே உள்ள படிகள் அந்தத் தலைகீழ் வரிசையில்தான் இருக்கின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு வருடம் திரும்பி வராவிட்டாலும் வீட்டுச் செலவு தடுமாறாத பணம் மட்டுமே இதற்கு. கடன் வாங்கிப் போடக் கூடாது, கிரெடிட் கார்டு இஎம்ஐயும் கூடாது. ஒரு ஆட்டக்காரருக்கு முழங்கால் தசைநார் கிழிந்தால் அவருடைய கார்டு ஒரே இரவில் பாதி விலைக்கு வரும். வட்டி மட்டும் நிற்காது.

வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்துவிடப்பட்ட கிரெடிட் அல்லது டெபிட் கார்டு வேண்டும். பல கார்டுகளில் இது மூடியே இருக்கும், வங்கி ஆப்பில் நீங்கள்தான் திறக்க வேண்டும். பாரெக்ஸ் மார்க்அப், அதாவது டாலர் மாற்ற வங்கி கூடுதலாக எடுப்பது, எவ்வளவு என்று அப்போதே பாருங்கள். வழக்கமாக 2 முதல் 3.5 சதவீதம், அந்த மார்க்அப் தொகையின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பான், ஆதார் நகல்களைத் தயாராக வைத்திருங்கள். கூரியரில் வெளிநாட்டுப் பார்சல் வந்தால் கேஒய்சி கேட்பார்கள், தாமதித்தால் பார்சல் அங்கேயே கிடக்கும்.

எஸ்.பி. ரோட்டில் ஒரு நடை போனால் மீதி கருவிகள் கிடைத்துவிடும்: 10 மடங்கு பெரிதாக்கும் லூப், டிஜிட்டல் காலிப்பர், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, வெள்ளை எல்இடி டார்ச், ஈரப்பதம் காட்டும் மீட்டர். விலை உயர்ந்த மாடல் தேவையில்லை. பென்னி ஸ்லீவ் (மெல்லிய பிளாஸ்டிக் உறை), டாப்லோடர் (கெட்டியான பிளாஸ்டிக் உறை), செமி ரிஜிட் உறை (சற்று வளையும் உறை) மூன்றையும் கார்டு வாங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். கார்டு வந்த அன்று உறை இல்லாமல் மேசையில் வைப்பதில்தான் பாதி மூலைகள் அடிபடுகின்றன.

2. எங்கே விற்பீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, கார்டை இந்தியாவுக்கு வரவழைத்து இந்தியாவிலேயே விற்பது. வாட்ஸ்அப், டெலிகிராம், இன்ஸ்டாகிராம் குழுக்கள், காமிக் கான் பெங்களூரு போன்ற நிகழ்வுகளில் கிடைக்கும் தொடர்புகள். வாங்குபவர்கள் குறைவு. ஒரு நல்ல கார்டுக்கு இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், அவர்களும் ஈபே விலையைக் காட்டித்தான் பேரம் பேசுவார்கள். 10,000 ரூபாய்க்குக் கீழே உள்ள கார்டுகள் நகரும், அதற்கு மேல் போனால் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, இந்தியாவுக்கு வரவழைத்து மறுபடி வெளிநாட்டுக்கு விற்பது. மூன்றிலும் செலவு அதிகம் பிடிப்பது இதுதான். ஆனால் புதியவர்கள் யோசிக்காமலே போய் விழுவதும் இதில்தான்.

மூன்றாவது வழி, கார்டை அமெரிக்காவிலேயே வைத்து வாங்கி விற்பது. காம்க் போன்ற தளங்களில் கார்டு அவர்கள் கிடங்கிலேயே இருக்கும். உங்கள் பெயருக்கு மாறும், நீங்கள் விலை போட்டு அங்கேயே விற்கலாம். கார்டுகளுக்கு 10 வரை மதிப்பெண் தரும் கிரேடிங் நிறுவனமான பிஎஸ்ஏ-வுக்கும் காப்பகச் சேவை உண்டு. கையில் பிடித்துப் பார்க்கும் சுகம் இருக்காது. பணம் போட்டு எடுப்பதுதான் நோக்கம் என்றால் அந்தச் சுகத்துக்கு விலை அதிகம். இந்திய முகவரியில் கணக்கு திறக்க விடுகிறார்களா, பணத்தை இந்திய வங்கிக்கு எப்படி எடுப்பது, கிடங்கு வாடகை உண்டா, இந்த மூன்றையும் முதல் கார்டு வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

3. உள்ளே போக, வெளியே வர ஆகும் செலவைக் கணக்கிடுங்கள்

தங்கத்தில் செய்கூலி, சேதாரம் போனது போக எவ்வளவு திரும்பி வரும் என்று கேட்கத் தெரிந்த நமக்கு, கார்டில் அதே கேள்வியைக் கேட்கத் தோன்றுவதில்லை. இங்கே செய்கூலி இரண்டு பக்கமும் உண்டு.

ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் எளிமைக்காக எடுத்தவை, உங்கள் கார்டுக்கு அன்றைய எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கிரேடு செய்யாத கார்டை ரா கார்டு என்பார்கள். ரா விலை 60 டாலர், பிஎஸ்ஏ 10 வந்தால் 200 டாலர், பிஎஸ்ஏ 9 வந்தால் 70 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விற்பனைத் தளத்தின் கட்டணம் 14 சதவீதம்.

இந்தியாவுக்கு வரவழைத்தால்: கார்டு 60, அனுப்பும் செலவு 15, சேர்த்து 75. மார்க்அப்பும் அதன் ஜிஎஸ்டியும் 3.1. சுங்கமும் ஐஜிஎஸ்டியும் சேர்த்து 30 சதவீதம் என்று வைத்தால் 22.5. ஆக 100.6. கிரேடிங்குக்கு அனுப்பித் திரும்ப வர 40. மொத்தம் 140.6 டாலர். பிஎஸ்ஏ 10 வந்து 200-க்கு விற்றால், கட்டணம் 28, அனுப்பும் செலவு 20 போக 152 கிடைக்கும். லாபம் சுமார் 11 டாலர். பிஎஸ்ஏ 9 வந்தால் கையில் வருவது 40, நஷ்டம் 100. பத்தில் ஒன்பது கார்டு பிஎஸ்ஏ 10 வாங்கினால்தான் இந்த ஆட்டத்தில் போட்ட பணம் தேறும். 8 வருவதை இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அதே கார்டை அமெரிக்காவிலேயே வைத்தால்: 60, உள்ளூர் அனுப்பும் செலவு 5, மார்க்அப் 2.7, கிரேடிங் 30, மொத்தம் 97.7. பிஎஸ்ஏ 10 என்றால் 172 கையில் வரும், லாபம் 74. பிஎஸ்ஏ 9 என்றால் 60 வரும், நஷ்டம் 37. மூன்றில் ஒன்று 10 வாங்கினாலே சமம்.

கார்டும் ஆட்டக்காரரும் மாறவில்லை. வழி மட்டும்தான் மாறியது. எந்த ஆட்டக்காரர் என்று மாதக்கணக்கில் வாதாடுபவர்கள் இந்தக் கணக்குக்கு அரை மணி நேரம் ஒதுக்குவதில்லை.

சுங்கத்தில் இரண்டு விஷயம். சிறிய பரிசுகளுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது, விற்பவரிடம் "கிஃப்ட் என்று எழுதுங்கள்" என்று கேட்பதில் பயனில்லை. மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்வதும் வேண்டாம். பிடிபட்டால் அபராதம், வழியில் தொலைந்தால் எழுதிய மதிப்புக்குத்தான் இழப்பீடு. திரும்பிப் போகும் பக்கமும் மாறிவிட்டது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல் புக்கிங்கைச் சில வாரங்கள் நிறுத்தியே வைத்தது. அந்த நாட்களில் இரண்டாவது வழியில் இருந்தவர்களின் சரக்கு அப்படியே நின்றது. அனுப்பும் வாரத்தில் விதி என்ன என்று பார்த்த பிறகே விலை போடுங்கள்.

4. எந்தக் கார்டு என்பதைச் சுருக்குங்கள்

முதலில் விளையாட்டு. நமக்குக் கிரிக்கெட் தெரியும், அதனால் கிரிக்கெட் கார்டில் சாமர்த்தியம் காட்டலாம் என்று தோன்றும். ஆனால் உலகச் சந்தையின் பணம் கூடைப்பந்து, பேஸ்பால், அமெரிக்கன் ஃபுட்பால், கால்பந்து, ஃபார்முலா ஒன் பக்கம்தான் இருக்கிறது. டாப்ஸ் நிறுவனத்தின் கிரிக்கெட் அட்டாக்ஸ் போன்ற ஐபிஎல் கார்டுகள் பிள்ளைகள் விளையாட அச்சிட்டவை. பையில் கிடந்து மூலை மழுங்கியவையே அதிகம், விற்ற விலைப் பதிவும் மிகக் குறைவு. கோலி கார்டைப் பிடித்திருந்தால் வாங்கி வையுங்கள், முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்து லைசென்ஸ். லீக், கிளப் சின்னம் இல்லாத கார்டு, அதே ஆட்டக்காரர் அதே வருடம் என்றாலும், மலிவாகத்தான் போகும். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் உரிமை பானினி நிறுவனத்திடம் இருந்து 2025-26 பருவத்தில் டாப்ஸுக்கு மாறியது. பிரீமியர் லீக்கும் அதே பருவத்தில் மாறியது. டாப்ஸ் 2022 முதல் ஃபனாட்டிக்ஸ் நிறுவனத்தின் கையில். "பிரிஸம்" என்ற பானினியின் செட் பெயரை மட்டும் பார்த்து வாங்காமல், அந்த வருட உரிமை யாரிடம் இருந்தது என்று பாருங்கள்.

மூன்றாவது, ரூக்கி வருடம். ஆட்டக்காரரின் முதல் வருடக் கார்டுக்குத்தான் நீண்ட காலத் தேவை இருக்கிறது. கூடைப்பந்தில் ஆர்சி (ரூக்கி கார்டு) முத்திரை தெளிவாக இருக்கும். கால்பந்தில் குழப்பம் அதிகம். ஒரே பருவத்தில் லீக், சாம்பியன்ஸ் லீக், தேசிய அணி என்று பல செட், ஒவ்வொன்றும் தன்னையே ரூக்கி என்று சொல்லிக்கொள்ளும். விற்பனைப் பதிவில் எந்தச் செட்டுக்கு அதிக விலை நிற்கிறதோ அதுதான் சந்தை ஏற்றுக்கொண்ட ரூக்கி. விளம்பர வாசகம் எதுவாகவும் இருக்கட்டும்.

நான்காவது, எண்ணிக்கை. பேஸ் கார்டு, அதாவது செட்டின் சாதாரணக் கார்டு, எவ்வளவு அச்சானது என்று நிறுவனம் பெரும்பாலும் சொல்வதில்லை. அதனால் பேஸ் கார்டின் பிஎஸ்ஏ 10 எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும், விலை இறங்கிக்கொண்டே வரும். நல்ல ஆட்டக்காரரிலும் பணம் இழப்பது இப்படித்தான். அதே கார்டின் நிறம் மாறிய பதிப்புகளைப் பேரலல் என்பார்கள். 99, 50, 25, 10 என்று வரிசை எண் அச்சிட்ட பேரலல்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் 10-க்குக் கீழே போனால் வேறு பிரச்சினை: முன்பு விற்ற விலையே இருக்காது, நீங்கள் சொல்வதுதான் விலை, வாங்குபவர் சொல்வதும்தான் விலை. தொடங்குபவருக்கு 25 முதல் 199 வரை எண்ணிட்ட நிற பேரலல் வசதியானது. எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு, விற்பனைப் பதிவும் உண்டு.

ஜெர்சி எண்ணும் வரிசை எண்ணும் ஒன்றாக வந்தால் கூடுதல் விலை கிடைப்பது உண்மை. "செட்டின் முதல் எண்", "கடைசி எண்" என்று விற்பவர் சேர்க்கும் கூடுதலுக்குப் பணம் கொடுக்காதீர்கள், திரும்ப வராது.

கோல்கீப்பர், பேஸ்பால் பந்து வீசுபவர், கூடைப்பந்தில் தடுப்பு ஆட்டத்துக்காகப் பேர் வாங்கியவர் ஆகியோருக்குத் திறமைக்கேற்ற கார்டு விலை கிடைப்பதில்லை. கோல் அடிப்பவர், புள்ளி குவிப்பவர் பின்னால்தான் சந்தை போகிறது. அநியாயம்தான், ஆனால் மாறப் போவதில்லை.

5. கேட்கும் விலையை மறந்து விற்ற விலையைப் பாருங்கள்

ஈபேயில் தேடும்போது வரும் விலைகள் ஆசை விலைகள். ஃபில்டரில் விற்றவை என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் உண்மை தெரியும். சுமார் 90 நாள் வரை காட்டும். விலை மேல் கோடு கிழித்திருந்தால் பேரத்தில் குறைத்து விற்றிருக்கிறார்கள். உண்மைத் தொகையை 130பாயிண்ட் தளத்தில் பார்க்கலாம்.

அதே வருடம், அதே செட், அதே பேரலல், அதே கிரேடு. இந்த நான்கும் பொருந்தும் விற்பனைகளை மட்டும் எடுங்கள். சில்வர் பேரலலுக்கும் பேஸுக்கும் படத்தில் வித்தியாசம் தெரியாது, விலையில் பல மடங்கு இருக்கும். கடைசி ஐந்து விற்பனையில் மேலேயும் கீழேயும் ஒன்றைத் தள்ளிவிட்டு நடுவில் உள்ள மூன்றின் சராசரியை எடுங்கள். திடீரென்று ஒரு ஏலம் இரண்டு மடங்கு போயிருந்தால் அதை நம்பாதீர்கள். ஏலத்தில் ஜெயித்தவர் பணம் கட்டாமல் போவதும், விற்பவரின் ஆளே விலை ஏற்றுவதும் உண்டு. அதே கார்டு பத்து நாளில் மறுபடி ஏலத்துக்கு வந்தால் சந்தேகம் உறுதி.

விலையோடு எண்ணிக்கையையும் எழுதுங்கள். 30 நாளில் ஐந்து முறையாவது விற்காத கார்டு அவசரத்துக்கு விற்காது.

6. வாங்கும் நேரம்

புதுச் செட் வெளியான முதல் இரண்டு வாரம் வாங்காதீர்கள். அப்போது சந்தையில் கார்டு குறைவு, ஆர்வம் அதிகம். பெட்டிகள் உடைபட உடைபட வரத்து கூடும். இரண்டு மூன்று மாதத்தில் அதே கார்டு பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும். 10-க்குக் கீழ் எண்ணிட்டவை மட்டும் இதற்கு விதிவிலக்கு, அவை முதல் வாரத்தில் தென்பட்டால் பிறகு வருடக்கணக்கில் வராமலும் போகலாம்.

ஆட்டம் இல்லாத மாதங்கள் வாங்க ஏற்றவை. என்பிஏ இறுதிப் போட்டி ஜூனில் முடிகிறது, அடுத்த பருவம் அக்டோபரில். நடுவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை விலை தளர்ந்து இருக்கும். விற்பதற்குக் கோப்பை வாங்கும் நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. பிளேஆஃப் தொடங்கும் முன்பே எதிர்பார்ப்பில் விலை ஏறிவிடும். கோப்பையைத் தூக்கிய மறுநாள் எல்லோரும் விற்க வருவார்கள்.

அமெரிக்க ஏலங்கள் பல ஞாயிறு மாலை முடிகின்றன, நமக்கு அது திங்கள் காலை. அங்கே மேற்குக் கரையில் மாலை 7 மணி என்றால், கோடையில் நமக்குக் காலை 7.30, குளிர்காலத்தில் 8.30. உச்ச விலையை ஞாயிறு இரவே எழுதி வைத்துவிட்டு, கடைசி பத்து நொடியில் ஒரே ஒரு முறை அந்தத் தொகையைப் போடுங்கள். வெள்ளிக்கிழமையே போட்டால் மற்றவர்களுக்கு மூன்று நாள் யோசிக்க நேரம் கொடுக்கிறீர்கள். அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கில் மொபைலில் ஏலம் கேட்பதும் வேண்டாம். சிக்னல் பச்சையாகும் நேரத்தில் எழுதிய தொகை மறந்துபோகும்.

பெட்டி உடைப்பது முதலீடு ஆகாது. பெட்டி விலையில் நிறுவனத்தின் லாபம், விநியோகஸ்தர் லாபம், கடைக்காரர் லாபம் எல்லாம் ஏறியிருக்கும். உள்ளிருந்து வரும் கார்டுகளின் சராசரி மதிப்பு அதைவிடக் குறைவாகவே இருக்கும். நேரலையில் அணி வாரியாகப் பங்கு விற்கும் பிரேக் இன்னும் மோசம், அதில் உடைப்பவரின் பங்கும் சேர்ந்துவிடும். பணம் கட்டிக் குலுக்கிக் கார்டு கொடுக்கும் குழுக்கள் லாட்டரிதான், கிட்டே போகாதீர்கள்.

7. கார்டு கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், முகவரிச் சீட்டில் இருந்து தொடங்கி வெட்டாமல். பிறகு புகார் கொடுக்க இதுதான் ஆதாரம்.

அளவு முதலில். வழக்கமான கார்டு 63.5 க்கு 88.9 மில்லிமீட்டர். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் குறைந்தால் ஓரத்தை வெட்டிச் சீராக்கியிருக்க வாய்ப்பு உண்டு. காலிப்பரின் இரும்பு வாய் மூலையைத் தொடாமல், கார்டை ஸ்லீவில் வைத்தே அளக்கலாம். ஸ்லீவின் தடிமனைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு எடை. தனி எடைக்கு அர்த்தமில்லை, அதே செட்டின் மலிவான பேஸ் கார்டு ஒன்றை வைத்து ஒப்பிடுங்கள். பத்து ரூபாய்க் கார்டு ஒன்று எப்போதும் கையில் இருப்பது நல்லது.

லூப்பில் எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். அசலில் கறுப்பு எழுத்து திடமாக இருக்கும். ஸ்கேன் எடுத்து அடித்த போலியில் எழுத்தே வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். வரிசை எண் ஃபாயிலில் அழுத்தி அச்சானதா, மேலே ஒட்டினாற்போல இருக்கிறதா என்றும் பாருங்கள். கையெழுத்துக் கார்டில் கார்டின் மேலேயே போட்டதற்கும் ஸ்டிக்கரில் போட்டு ஒட்டியதற்கும் விலை வித்தியாசம் உண்டு. முன்னதுக்குத்தான் மதிப்பு அதிகம்.

கிரேடு செய்து பிளாஸ்டிக் கூட்டில் அடைத்த ஸ்லாப் என்றால் சான்று எண்ணைக் கிரேடிங் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் சரியாக இருப்பது மட்டும் போதாது. போலி செய்பவர்கள் உண்மையான எண்ணையே நகல் எடுக்கிறார்கள். தளத்தில் படம் இருந்தால் கரை அகலம், அச்சுப் புள்ளி, வரிசை எண் மூன்றையும் உங்கள் கையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். கூட்டின் விளிம்பில் வெள்ளைக் கீறல், பிசின் தடம் தெரிந்தால் திறந்து மூடியிருக்கிறார்கள்.

உள்ளூரில் நேரில் வாங்கும்போது எம்.ஜி. ரோடு மெட்ரோ நிலையம் மாதிரி வெளிச்சமான பொது இடத்தில் சந்தியுங்கள். டார்ச்சும் லூப்பும் கையில் இருக்கட்டும். யுபிஐயில் அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்குவது கடினம். பார்த்து முடித்த பிறகே அனுப்புங்கள், முன்பணம் கேட்டால் விட்டுவிடுங்கள்.

8. கிரேடிங்குக்கு அனுப்பலாமா

பெரும்பாலும் வேண்டாம். 10 வாங்கிய ஸ்லாபையே நேரடியாக வாங்குவது பல சமயம் மலிவு. மூன்றாம் படியின் கணக்கு காட்டுவதும் அதைத்தான்.

அனுப்புவதாக இருந்தால் கிரேடிங் நிறுவனம் வெளியிடும் பாப் ரிப்போர்ட்டில் அந்தக் கார்டில் மொத்தம் எத்தனை கிரேடு ஆயின, அதில் எத்தனை 10 என்று பாருங்கள். நூறில் அறுபது 10 என்றால் உங்களுக்கும் அறுபது சதவீத வாய்ப்பு என்று எண்ணாதீர்கள். மற்றவர்கள் நல்லவற்றைப் பொறுக்கி அனுப்பிய பிறகு வந்த அறுபது அது. நீங்கள் ஈபேயில் வாங்கிய ரா கார்டோ, பெரும்பாலும் ஒருவர் லூப் வைத்துப் பார்த்து 10 வராது என்று ஒதுக்கியது.

சென்டரிங், அதாவது படம் கார்டின் நடுவில் எவ்வளவு சரியாக நிற்கிறது என்பது: பிஎஸ்ஏ 10-க்கு முன்பக்கம் ஏறத்தாழ 55/45, பின்பக்கம் 75/25 என்ற அளவுக்குள் இருக்க வேண்டும். இடது கரை, வலது கரை இரண்டையும் அளந்து, பெரியதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் சதவீதம் வரும். 2.2, 1.8 மில்லிமீட்டர் என்றால் 2.2 ஐ 4 ஆல் வகுக்க 55 சதவீதம், விளிம்பில் நிற்கிறது. மேல், கீழும் அப்படியே. பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். பளபளப்பான குரோம் கார்டில் நேர்வெளிச்சத்தில் தெரியாத அச்சுக் கோடும் சின்னக் குழியும் அப்போதுதான் தெரியும். தூசி இருந்தால் மைக்ரோஃபைபர் துணியால் ஈரமில்லாமல் மெல்லத் துடைக்கலாம். தண்ணீர், மூக்குக் கண்ணாடி லிக்விட், பாலிஷ் எதுவும் தொடக் கூடாது. கிரேடர் கண்டுபிடித்தால் கிரேடே தராமல் திருப்பி அனுப்புவார்.

பிஎஸ்ஏ-வுக்கு அனுப்பக் கார்டைப் பென்னி ஸ்லீவில் போட்டுச் செமி ரிஜிட் உறையில் வைக்க வேண்டும், கெட்டியான டாப்லோடரில் வேண்டாம். குழுவாகச் சேர்த்து அனுப்பும் இடைத்தரகர்கள் உண்டு. கார்டு அவர்கள் கையில் மாதக்கணக்கில் இருக்கும், அதனால் கார்டு வாரியாகப் படத்தோடு ரசீது வாங்குங்கள், வழியில் தொலைந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கட்டிய கட்டண வகுப்பின் உச்ச மதிப்பைத் தாண்டிக் கார்டு கிரேடு வாங்கினால் கூடுதல் தொகை கேட்பார்கள். அதையும் கணக்கில் வையுங்கள்.

9. வைத்திருக்கும் முறை

குரோம் வகைக் கார்டுகள் ஈரப்பதம் ஏறி இறங்கினால் வளையும். பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை இது சிக்கல். மழைச்சாரல் படும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்து, உள்ளே மீட்டர் 45 முதல் 50 சதவீதம் காட்டுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஜெல்லை அள்ளிப் போட்டு 30-க்குக் கீழே கொண்டுபோனால் கார்டு எதிர்ப்பக்கம் வளையும். வளைந்ததைக் கனமான புத்தகத்தின் அடியில் வைத்து நிமிர்த்துவது மேற்பரப்பில் தடம் விடும்.

ஸ்லீவ் போடாமல் டாப்லோடரில் நேரே நுழைப்பதும், திருகு போட்டு இறுக்கும் பழைய பிளாஸ்டிக் பலகையில் வைப்பதும் கூடாது. முதலாவது கீறும், இரண்டாவது நசுக்கும். வெயில் விழும் இடத்தில் கையெழுத்து மங்கும். வீட்டுக் காப்பீடு இவற்றைத் தானாகச் சேர்ப்பதில்லை, பாலிசியில் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

10. விற்பது

வாங்கிய அன்றே மூன்று எண்களை எழுதிவிடுங்கள்: எந்த விலைக்கு விற்பேன், எந்த விலைக்கு இறங்கினால் வெட்டிவிடுவேன், எந்தத் தேதிக்குள். காயச் செய்தி வந்த பிறகு யோசித்தால் "திரும்பி வருவான்" என்றுதான் மனம் சொல்லும். அவர் திரும்பி வரலாம், அதற்குள் புது ரூக்கி வந்திருப்பார்.

நிறைய விற்பனையாகும் கார்டுக்கு ஏலம் போதும். மாதம் ஒன்றோ இரண்டோ விற்பதற்கு நிலையான விலையும் பேரத்துக்கு இடமும் வைத்துப் போடுங்கள். ஏலத்தில் அன்று ஆள் இல்லையென்றால் பாதி விலைக்குப் போகும், அந்தப் பாதி விலையே பதிவாகி அடுத்தவருக்கு ஒப்பீடாகும்.

படங்கள் எட்டு: முன், பின், நான்கு மூலை, சாய்ந்த வெளிச்சத்தில் மேற்பரப்பு, வரிசை எண். குறையை நீங்களே காட்டிவிட்டால் திருப்பி அனுப்பும் வழக்கு குறையும். கட்டும்போது ஸ்லீவ், டாப்லோடர், வாயில் மாஸ்கிங் டேப், மேலே ஒரு பிளாஸ்டிக் பை, இரண்டு பக்கமும் அட்டை, பிறகு குமிழ் உறை. செல்லோ டேப்பை டாப்லோடரில் ஒட்டாதீர்கள், பிரிக்கும்போது பசை உள்ளே போகும். கூரியரில் புக் செய்யும் முன் இழப்பீட்டு வரம்பைக் கேளுங்கள். கார்டு மாதிரிப் பொருளுக்குக் காப்பீடு தராத நிறுவனங்கள் உண்டு.

11. வரியும் கணக்குப் புத்தகமும்

ஒரு ஷீட்டில், ஒரு கார்டுக்கு ஒரு வரிசை: வாங்கிய தேதி, டாலர் விலை, அன்றைய மாற்று விகிதம், மார்க்அப், சுங்க ரசீது எண், கிரேடிங், விற்ற தேதி, கட்டணம், கையில் வந்த ரூபாய். சுங்க ரசீதையும் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் பிடிஎஃப்பாக ஒரே இடத்தில் வையுங்கள். மாதம் முடிந்ததும் எழுதுவேன் என்பவர்கள் எழுதுவதில்லை, பிறகு மார்ச்சில் கூரியர்காரரிடம் பழைய ரசீது கேட்டு அலைவார்கள்.

தொடர்ந்து வாங்கி விற்றால் வருமானவரித் துறை அதை வியாபார வருமானமாகப் பார்க்கலாம், அப்போது உங்கள் வரி அடுக்கின்படிதான் கட்ட வேண்டும். வெளிமாநிலத்துக்கு விற்பது, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வது என்று வந்தால் ஜிஎஸ்டி பதிவும், ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐஇசி எண்ணும் தேவைப்படுமா என்ற கேள்வி எழும். அமெரிக்கக் கிடங்கில் கார்டு வைத்திருப்பவர்கள் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் ஷெட்யூல் எஃப்ஏ பற்றியும், பணத்தை அனுப்பி எடுப்பதில் உள்ள ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதி பற்றியும் ஆடிட்டரிடம் கேட்டுவிட வேண்டும். ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது கேட்டால் தாமதம். மூன்றாம் வழியைத் தேர்ந்தெடுத்த அன்றே, முதல் கார்டு வாங்கும் முன், இந்த ஷீட்டின் காலி வடிவத்தோடு போய் உட்காருங்கள். எந்தப் பத்தியை இன்னும் சேர்க்க வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார்.